பிக்கார்டை எடுக்கலாமா? கிட்டார் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

அக்கூஸ்டிக் கிட்டாரின் ஒலித்துளையை ஒட்டி, முதல் கம்பிக்குக் (மிக மெல்லிய கம்பி) கீழ்ப்பக்கம், பிக் என்னும் மீட்டும் சில்லின் கீறலிலிருந்து மரத்தைக் காக்கத் துளி வடிவில் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைத்தான் பிக்கார்டு என்கிறோம். சென்ற இதழில் கம்பி மாற்றும் முறையை விளக்கியபோது அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பலர் எழுதியிருப்பதால், இந்த மாதப் பக்கத்தை முழுவதுமாக அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்ப்ரூஸ் முன்பலகை கொண்ட கிட்டார் ஒன்றை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் பிக் வைத்து ஸ்ட்ரம் செய்கிறேன்; வீட்டில் விரல்களால் வாசிக்கிறேன். பிக்கார்டை எடுத்துவிட்டால் ஒலி இன்னும் திறந்து கேட்கும் என்று எனக்குக் கற்றுத்தரும் அண்ணன் சொல்கிறார். எடுத்துவிடலாமா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: உங்கள் கிட்டாரில் எடுக்க வேண்டாம்.

அண்ணன் சொல்வதன் அடிப்படையில் நியாயம் இருக்கிறது. கிட்டாரின் ஒலி பெரும்பாலும் முன்பலகையின் அதிர்விலிருந்து பிறக்கிறது. அந்தப் பலகையின் தடிமன் 2.5 முதல் 3 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும் என்பதால், அதன்மேல் எதை ஒட்டினாலும் எடை கூடும், அதிர்வும் சிறிதளவு அடங்கும். ஆனால் எவ்வளவு அடங்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். 90 சதுர சென்டிமீட்டர் பரப்பும் முக்கால் மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு பிக்கார்டு பத்து கிராமைத் தாண்டாது. முன்பலகை, அதன் அடியில் ஒட்டியுள்ள சட்டங்கள், கம்பிகளின் அடிமுனை பொருந்தும் பிரிட்ஜ் ஆகியவை சேர்ந்து 200 கிராமுக்குக் குறையாது. அத்துடன் பிக்கார்டு ஒட்டப்பட்டிருக்கும் இடத்தையும் கவனியுங்கள். கம்பிகளின் விசை பிரிட்ஜ் வழியாகப் பலகைக்குள் இறங்குகிறது. பலகை அதிகமாக ஏறி இறங்குவது பிரிட்ஜைச் சுற்றியுள்ள அகலமான கீழ்ப்பகுதியில்தான். பிக்கார்டின் பெரும்பகுதி அதற்கு மேலே, ஒலித்துளைக்கும் இடுப்பு வளைவுக்கும் இடையில் கிடக்கிறது. அந்த இடத்தில் பலகைக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள் ஓடுவதால் அது முன்பே விறைப்பாக இருக்கிறது.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் எடை ஏறத்தாழ 7.7 கிராம், அதாவது பிக்கார்டின் எடைக்கு நெருக்கம். அந்த நாணயத்தைச் சாதாரண டேப்பால் பிக்கார்டின்மேலேயே அசையாமல் ஒட்டுங்கள். மரத்தின்மேல் டேப் படக்கூடாது. நண்பர் ஒருவர் உங்களுக்கு முதுகைக் காட்டி உட்காரட்டும். நாணயம் இருக்கும்போது சில முறையும் இல்லாதபோது சில முறையும், வரிசையை மாற்றி மாற்றி, ஒரே சுரக்கூட்டை (கார்டு) ஒரே அழுத்தத்தில் வாசியுங்கள். எப்போது நாணயம் இருந்தது என்று அவர் சொல்லட்டும். எடை ஏறக்குறைய இரட்டிப்பானதையே காது கண்டுபிடிக்கவில்லையென்றால், இருக்கும் எடையை நீக்குவதால் வரும் மாற்றத்தையும் அது கண்டுபிடிக்கப்போவதில்லை. தகடு பலகைக்குத் தரும் விறைப்பை இந்தச் சோதனை அளக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடையைப் பற்றிய அச்சத்தை மட்டும் அது தீர்த்துவைக்கும். இரண்டு மாதம் பழகிய கம்பிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் போட்டால் கேட்கும் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

அடுத்து, கிட்டாரை ட்யூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் பிக்கார்டின்மேல் சறுக்கி விழும்படி பாருங்கள். முதல் கம்பியிலிருந்து கீழ்நோக்கிச் சாய்வாக இறங்கும் மெல்லிய கீறல்கள் வலைபோலத் தெரியும். மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் கீழ்நோக்கி வீசிய பிக், அந்த முதல் கம்பியைத் தாண்டிப்போய் முட்டிய இடங்கள் அவை. தகடு இல்லாதிருந்தால் அத்தனையும் மரத்தின்மேல் விழுந்திருக்கும். ஸ்ப்ரூஸ் மிகவும் மென்மையான மரம். பூச்சில்லாத துண்டு ஒன்றில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாலே பள்ளம் விழும். அதைக் காக்கும் மேற்பூச்சோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறது. பூச்சு தேய்ந்துபோனால் வியர்வையும் அழுக்கும் மரத்தின் இழைகளுக்குள் இறங்கிக் கருத்துவிடும்; பிறகு அதைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவருவது எளிதன்று.

பிக்கையே தொடாமல் விரல்களால் மட்டும் வாசிப்பவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், எடுப்பதில் தவறில்லை என்றே சொல்லியிருப்பேன். விரல் வாசிப்புக்கென்று மெல்லிய பலகையுடன் கையால் செய்யப்படும் கிட்டார்கள் சிலவற்றில் செய்பவர்களே பிக்கார்டை ஒட்டாமல் விடுகிறார்கள். அதேபோல, பிக்கார்டே கிட்டாரின் முகமாக அமைந்த மாதிரிகளும் உண்டு. 1960இல் வந்த, கிப்சன் நிறுவனத்தின் ஹம்மிங்பேர்டு கிட்டாரின் பெரிய தகட்டில் பறவையும் பூக்களும் செதுக்கப்பட்டிருக்கும். அதைப் பிரித்தெடுத்தால் ஒலியில் கிடைப்பது சொற்பம், அந்தக் கிட்டாரின் அடையாளமும் மறுவிற்பனை மதிப்பும் போய்விடும்.

கேள்வி: பினாங்கில் வாழ்ந்த என் தாத்தாவின் கிட்டார், மார்ட்டின் நிறுவனத்தின் டி-18 மாதிரி, எங்களிடம் வந்திருக்கிறது. ஒலித்துளைக்குள் தெரியும் வரிசை எண்ணைக் கொண்டு பார்த்ததில் 1950களில் தயாரானது என்று தெரிந்தது. பழுப்புத் திட்டுகள் கொண்ட பிக்கார்டின் ஓரம் சுருண்டு எழும்பியிருக்கிறது. அதன் விளிம்பை ஒட்டி மரத்தில் தலைமுடி போன்ற ஒரு கோடும் தெரிகிறது. அது உண்மையான ஆமை ஓடு, வைத்திருப்பதே குற்றம் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். என்ன செய்வது? (காரைக்கால் வாசகி)

பதில்: முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். அந்தக் காலத்து மார்ட்டின் பிக்கார்டுகள் செல்லுலாய்டால் ஆனவை. ஆமை ஓட்டின் தோற்றத்தைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்திருந்தார்கள். உண்மையான ஓடு அழுங்காமையிடமிருந்து எடுக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் அந்த ஆமை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் அதன் வணிகத்தைத் தடைசெய்திருக்கிறது. உங்கள் கையில் இருப்பது அதுவன்று என்பதை மணத்தைக் கொண்டே பெரும்பாலும் அறியலாம். சுத்தமான துணியால் தகட்டின் எழும்பிய ஓரத்தைச் சற்று வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் மெல்லிய கற்பூர வாசனை வரும். நைட்ரேட் ஏற்றிய செல்லுலோஸுடன் கற்பூரத்தைக் கலந்துதான் செல்லுலாய்டு தயாரிக்கப்பட்டது. பழைய பிங்பாங் பந்துகளில் இருந்ததும் இதே பொருள்தான்.

கவலைப்பட வேண்டியது அந்தக் கோட்டைப் பற்றித்தான். செல்லுலாய்டுக்கு நெகிழ்வைத் தருவது கற்பூரம்; அது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல ஆவியாகிப் போய்விடுவதால் தகடு சுருங்குகிறது. 1930களின் தொடக்கத்திலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை மார்ட்டின் நிறுவனத்தார் பிக்கார்டைப் பூச்சில்லாத வெறும் மரத்தில் நேரடியாக ஒட்டி, அதற்குப் பின்புதான் மேலே லாக்கர் என்னும் மெருகுப் பூச்சைத் தெளித்தார்கள். ஒட்டு மிக வலுவானது, மரமோ மென்மையானது. ஆகவே தகடு சுருங்கும்போது அடியிலுள்ள ஸ்ப்ரூஸையும் சேர்த்து இழுக்கிறது. ஒன்று தகட்டின் ஓரம் பிய்ந்து சுருளும், அல்லது மரம் இழையோடு பிளக்கும். ஒலித்துளையின் விளிம்பிலிருந்து பிரிட்ஜை நோக்கி, பிக்கார்டின் ஓரத்தை ஒட்டியே ஓடும் இந்த வெடிப்பு அந்தக் காலத்து மார்ட்டின்களில் மிகவும் பரவலானது. பழுதுபார்ப்பவர்கள் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள். உங்கள் கிட்டாரில் சுருளலும் வெடிப்பும் இரண்டுமே நடந்திருக்கின்றன.

எனவே முதல் கடிதக்காரருக்கு நான் சொன்னதற்கு நேர்மாறாக, உங்களுக்கு எடுக்கவே சொல்கிறேன். ஆனால் வீட்டில் எடுக்க வேண்டாம். வெறும் மரத்தில் ஒட்டிய தகட்டை இழுத்தால் ஸ்ப்ரூஸின் நார்களும் சேர்ந்து வந்துவிடும். இருபது ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் கிட்டார் ஒன்றை ஒரு பட்டறையில் கொடுத்தபோது, அங்கிருந்தவர் தகட்டைச் சூடாக்காமல் கத்தி முனையால் நெம்பினார். விரல் நீளத்துக்கு ஒரு சிம்பு, மரத்தின் வெளிர்ந்த உட்புறம் தெரியும்படி, தகட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ‘இது சாதாரணம், மெழுகு வைத்து அடைத்துவிடலாம்’ என்றார். அந்தத் தழும்பு இன்றும் அந்தக் கிட்டாரில் இருக்கிறது; நான் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை ஒவ்வொரு முறையும் அது எனக்கு நினைவூட்டுகிறது.

ஆகவே கிட்டாரை ஒப்படைப்பதற்கு முன் நீங்கள் சில கேள்விகளைக் கேளுங்கள். தகட்டை எப்படி இளக்குவீர்கள்? மிதமான சூட்டில் சிறிது சிறிதாக இளக்கி, மெல்லிய மழுங்கிய தகடுக் கரண்டியை மர இழையின் போக்கிலேயே நகர்த்துவேன் என்று அவர் சொல்ல வேண்டும். திறந்த தீச்சுடரைப் பற்றிப் பேசினால் கிட்டாரை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், ஏனென்றால் செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும். வெடிப்பை எப்படிச் சரிசெய்வீர்கள்? பசையைச் செலுத்தி இறுக்கிவிட்டு, உட்புறத்தில் இழை குறுக்காக இருக்கும்படி சிறு ஸ்ப்ரூஸ் சில்லுகளை ஒட்டித் தாங்குவதே வழக்கமான முறை. கடைசியாக, வெறுமையாகும் மரத்தை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அங்கே மெல்லிய லாக்கர் பூசி உலரவிட்ட பின்பு, பழைய தகட்டையோ புதியதையோ இருபக்கப் பசைப்படலத்தால் அந்தப் பூச்சின்மேல் ஒட்ட வேண்டும். அப்போதுதான் இனிமேல் தகடு சுருங்கினாலும் பசை விட்டுக்கொடுக்கும், மரம் தப்பிக்கும்.

பழைய தகடு மிகவும் வளைந்துவிட்டதால் புதியதைப் போட நேர்ந்தாலும் பழையதைத் தூக்கி எறியாதீர்கள். இத்தகைய கிட்டார்களில் அசல் பாகம் ஒவ்வொன்றுக்கும் மதிப்புண்டு. ஆனால் கிட்டார்ப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிட வேண்டாம். சிதையும் செல்லுலாய்டிலிருந்து வெளியேறும் வாயு பக்கத்திலுள்ள உலோகத்தை அரிக்கும். கம்பி, ஃப்ரெட், டியூனிங் சாவி எல்லாம் பச்சை பூத்துப்போகும். காகித உறையில் போட்டு, காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாதபடி தனியாக வையுங்கள்.

கேள்வி: உங்களைக் கேட்காமலேயே பிக்கார்டைப் பிடுங்கிவிட்டேன். கிட்டாருக்கு எட்டு வயது. இப்போது அந்த இடம் மட்டும் வெளிறித் தெரிகிறது, பசையும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகப்பூச்சு நீக்கும் திரவத்தால் ஒரு மூலையைத் துடைத்தேன். அந்த இடம் மங்கிவிட்டது. (திருப்பூர் வாசகர்)

பதில்: அந்தத் திரவத்தை உடனே நிறுத்துங்கள். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். பசையைக் கரைக்கும் வேகத்திலேயே அது லாக்கர் பூச்சையும் கரைக்கும். மங்கிய மூலையை மேலும் துடைக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள், அதைத் தேய்த்து மெருகேற்றுவது அனுபவமுள்ளவர் வேலை. மிச்சப் பசைக்கு நாப்தா போதும். சிகரெட் லைட்டரில் ஊற்றும் பெட்ரோல் என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் இதுதான். முதலில் யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பூச்சு மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லையென்றால், வெள்ளைப் பருத்தித் துணியில் சிறிதளவு நனைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல், மெதுவாக உருட்டித் துடையுங்கள். பசை உருண்டை உருண்டையாகத் திரண்டு வரும். பொறுமையாகச் செய்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

வெளிறிய இடம் சேதமன்று. ஸ்ப்ரூஸ் வெளிச்சம் பட்டுப் பட்டு, வெண்ணெய் நிறத்திலிருந்து தேன் நிறத்துக்கு மெல்ல மாறுகிறது. உங்கள் கிட்டார் எட்டு ஆண்டுகளில் அடைந்த நிறத்தைத் தகட்டுக்கு அடியிலிருந்த பகுதி அடையவில்லை, அவ்வளவுதான். நாளடைவில் அதுவும் நிறம் ஏறும், ஆனால் சுற்றியுள்ள மரமும் கூடவே ஏறிக்கொண்டிருப்பதால் வித்தியாசம் முழுவதுமாக மறைய நெடுங்காலமாகும். சீக்கிரம் சமமாகட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். சூட்டில் பசை இளகி, கம்பிகளின் இழுப்பில் பிரிட்ஜே பெயர்ந்துவிடக்கூடும்.

அந்த நிழல் உங்கள் கண்ணை உறுத்தினால் பிக்கார்டை மறுபடியும் ஒட்டிவிடலாம். இப்போதைய கிட்டார்களில் பெரும்பாலும் பூச்சின்மேலேதான் ஒட்டுகிறார்கள் என்பதால் இது எளிய வேலை. வெளிறிய இடத்தின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்து அதன் எல்லையை வரைந்துகொள்ளுங்கள். புதிய தகட்டை அந்த அளவுக்கே, அல்லது ஓரத்தில் அரை மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள். சிறிதாகிப்போனால் வெளிறிய விளிம்பு வெளியே எட்டிப்பார்க்கும். ஒட்டுவதற்குப் பழுதுபார்ப்பவர்கள் அதிகம் பயன்படுத்துவது 3எம் நிறுவனத்தின் 468எம்பி என்னும் பசைப்படலம். வீட்டில் இருக்கிறதே என்று சூப்பர் க்ளூவை எடுத்துவிடாதீர்கள், அடுத்த முறை கழற்ற வேண்டி வந்தால் பூச்சும் சேர்ந்து வரும். படலத்தின் பாதுகாப்புக் காகிதத்தை ஒரு முனையில் மட்டும் உரித்து, தகட்டை இடம் பார்த்துப் பொருத்தி, அந்த முனையிலிருந்து விரலால் நீவிக்கொண்டே மீதியை உரியுங்கள். காற்றுக் குமிழ் தங்காது.

இனி எடுக்க நினைக்கும் மற்றவர்களுக்காகவும் ஒன்று சொல்கிறேன். கம்பிகளைத் தளர்த்திக் கழற்றிவிட்டு, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஓர் அடி தொலைவிலிருந்து அசைத்துக்கொண்டே காட்டுங்கள். உங்கள் கையே தாங்கக்கூடிய சூடு போதும். ஓரம் இளகியதும் பற்களுக்கிடையே சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலையோ தூண்டில் நரம்பையோ தகட்டுக்கும் பூச்சுக்கும் இடையே விட்டு, ரம்பம்போல மெதுவாக இழுங்கள். அதற்கும் முன்னால், ஒலித்துளையின் ஓரத்தில் தகட்டின் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மேற்பூச்சு தகட்டுக்கு அடியில் தொடர்ந்து செல்கிறதா, அல்லது தகட்டின்மேல் ஏறிப் படர்ந்திருக்கிறதா என்பது அங்கே தெரியும். ஏறிப் படர்ந்திருந்தால் கை வைக்க வேண்டாம். காரைக்கால் வாசகிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

கேள்வி: நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் பிக்கார்டே இல்லை. நாம் வாங்கி ஒட்டலாமா? (வேலூர் வாசகி)

பதில்: விரலால் வாசிப்பதாக இருந்தால் தேவையில்லை. அந்த வகைக் கிட்டார் பிக்கை மனத்தில் கொண்டு செய்யப்பட்டதன்று. அதன் பலகையும் பெரும்பாலும் மெல்லியதாகவே இருக்கும். பிக்கால் வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கிட்டார். 1969இல் அவர் கைக்கு வந்த மார்ட்டின் என்-20 என்னும் அந்த நைலான் கம்பிக் கிட்டாருக்கு டிரிக்கர் என்று பெயரிட்டார். அதில் பிக்கார்டு கிடையாது, அவரோ பிக்கால் வாசிப்பவர். காலப்போக்கில் ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் பலகையே தேய்ந்து இன்னொரு துளை விழுந்துவிட்டது. அவர் அதை அப்படியே வைத்துப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து வாசித்துவருகிறார். அவருடைய வாழ்க்கையின் தடம் அது. நமக்கு அந்தத் துளை வேண்டியதில்லை.

ஃபிளமெங்கோ கற்கிறீர்கள் என்றால் பதில் மாறும். அந்த இசையில் விரலாலும் நகத்தாலும் பலகையைத் தட்டித் தாளம் போடுவது வாசிப்பின் ஒரு பகுதி என்பதால், கோல்பியடோர் என்னும் மெல்லிய ஒளிபுகும் தகட்டை ஒட்டுவதுதான் மரபு. வாங்கும்போது நிரந்தரமாக ஒட்டுவதா, வினைல் தாள்போலப் படிந்து நின்று எடுக்கக்கூடியதா என்று கேளுங்கள். வினைலை நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின்மேல் நீண்ட நாள் விட்டுவைக்கக் கூடாது, அதிலுள்ள மென்மையூட்டிகள் பூச்சை இளக்கிவிடும். ஷெல்லாக் (அரக்கு) மெருகிட்ட கிட்டாரில் எதை ஒட்டுவதானாலும் செய்தவரைக் கேட்காமல் ஒட்ட வேண்டாம்.

கேள்வி: பிக்கார்டு இருந்தும் என் கிட்டாரில் ஒலித்துளைக்கு மேல்பக்கம், ஆறாவது கம்பிக்கு அப்பால் தேய்கிறது. தகடு தப்பான இடத்தில் இருக்கிறதா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: தகடு சரியான இடத்தில்தான் இருக்கிறது, உங்கள் கை மேல்நோக்கி வரும்போது பிக் ஆறாவது கம்பியைத் தாண்டிச் சென்று முட்டுகிறது. 1962இல் கிப்சன் வெளியிட்ட எவர்லி பிரதர்ஸ் மாதிரியில் இந்தப் பக்கத்தையும் சேர்த்து மூடும்படி இரண்டு பெரிய தகடுகள் ஒட்டப்பட்டிருந்தன. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பிக்கை நுனி அரை சென்டிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி பிடித்து, மணிக்கட்டின் வீச்சைக் குறைத்து ஒரு வாரம் மெதுவாக வாசித்துப் பாருங்கள். அதற்குப் பின்பும் புதிய கீறல் விழுந்தால், அந்தப் பக்கத்துக்கு ஒளிபுகும் மெல்லிய தகடு ஒன்றை மேலே சொன்ன பசைப்படலத்தால் ஒட்டிக்கொள்ளுங்கள்.